மாலையைக் கழற்றிய பிறகும் குடிக்காமல் இருப்பது எப்படி

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுக்கொண்டு, 41 நாள் ஒரு சொட்டு தொடாமல் இருந்து, பச்சைத் தண்ணீரில் குளித்து, வெறுந்தரையில் படுத்து, மலை ஏறி இறங்கி வந்து, வீட்டில் மாலையைக் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டு, அன்றைக்கு ராத்திரியே மட்டையாகிக் கிடந்த ஆளை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மதுரையில் தெருவுக்கு நாலு பேர் தேறுவார்கள். எங்கள் தெருவில் அந்த நாலு பேரில் ஒருவனாக நான் ஐந்து வருஷம் இருந்தேன்.

சாமிக்குப் பயந்து இருந்தான், பயம் விட்டதும் குடிச்சுட்டான் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். குடியை விட்டு ஏழு வருஷம் ஆன பிறகு திரும்பிப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. அந்த 41 நாளும் தெருவே என்னைச் 'சாமி' என்று கூப்பிட்டது. டீக்கடை அண்ணன் எனக்கென்று தனி டம்ளர் எடுத்து வைத்தார். சாயங்காலம் ஆறரைக்கு, வழக்கமாக நான் பாருக்குள் நுழைகிற அதே நேரத்துக்கு, பஜனை. ஒரு நாள் போகாவிட்டால் குருசாமி ஆள் அனுப்பிவிடுவார். கூடக் குடிக்கிற பயல்களே என்னைக் கண்டால் பாட்டிலை இடுப்பில் செருகி மறைத்தார்கள். என்னைப் பிடித்து வைத்திருந்தது கழுத்தில் கிடந்த துளசி மணி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், உண்மையில் அந்த மணியைப் பார்த்துப் பார்த்து என்னிடம் நடந்துகொண்ட நாற்பது ஐம்பது பேர்தான் பிடித்து வைத்திருந்தார்கள். மாலை கழன்ற அன்றைக்கு அவ்வளவு பேரும், கல்யாணம் முடிந்த மறுநாள் பந்தலைப் பிரிக்கிற மாதிரி, ஒரே நேரத்தில் கலைந்து போனார்கள்.

அந்தப் பந்தலை மாலை இல்லாமலே எப்படிப் போடுவது என்பதைத்தான் எழுதப் போகிறேன். குடிக்கிறவருக்கும் எழுதுகிறேன், அவரை வைத்துக்கொண்டு திண்டாடுகிற வீட்டாருக்கும் எழுதுகிறேன்.

முதலில் டாக்டர், அப்புறம்தான் வைராக்கியம்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். தினமும் குடிக்கிற ஆள், அதுவும் காலையில் கை நடுங்கி ஒரு கட்டிங் போட்டால்தான் பல் தேய்க்கவே முடிகிறது என்கிற நிலையில் இருக்கிற ஆள், திடீரென்று ஒரு நாள் தானாகவே நிறுத்தக் கூடாது. ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் சுத்தமான ஆல்கஹால் மட்டும் கிட்டத்தட்ட 60 கிராம். வருஷக்கணக்கில் அதை ஊற்றி ஊற்றிப் பழக்கிய மூளை, ஊற்றுவது நின்றதும் தறிகெட்டு ஓடும். கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதற்குப் பிறகு நாலாம் நாள் வரைக்கும் ஆள் அடையாளம் தெரியாமல் உளறுவது, சுவரில் பூச்சி ஊர்கிற மாதிரி தெரிவது, காய்ச்சல் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். எல்லோருக்கும் இப்படி ஆகாது. ஆனால் யாருக்கு ஆகும் என்று நாமாக முடிவு செய்ய முடியாது. முன்பு ஒரு தடவை வலிப்பு வந்தவருக்குத் திரும்பவும் வர வாய்ப்பு அதிகம்.

எங்கள் குழுவில் மாலை போட்ட ஒருவருக்கு இரண்டாம் நாள் பஜனையில் கை கால் இழுத்துக்கொண்டது. சாமி வந்திருக்கிறது என்று கற்பூரம் காட்டினார்கள். நாக்கைக் கடித்து ரத்தம் வந்த பிறகுதான் யாரோ 108-க்கு ஃபோன் செய்தார்கள். வேண்டுதல் வைப்பதிலோ கோயிலில் கயிறு கட்டுவதிலோ தப்பே இல்லை, நானும் கட்டியிருக்கிறேன், ஆனால் மாத்திரையோடு சேர்த்துக் கட்டுங்கள்.

எங்கே போவது? மதுரைக்காரர்களுக்கு அரசு ராஜாஜி மருத்துவமனை, அதாவது நம் பெரியாஸ்பத்திரி இருக்கிறது. அங்கே மனநலப் பிரிவில்தான் கேட்க வேண்டும். 'மனநலம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, எவனாவது தெரிந்தவன் பார்த்துத் தொலைப்பானே என்று, கோரிப்பாளையம் வரை வந்து இரண்டு தடவை திரும்பிப் போனவன் நான். மூன்றாம் தடவை என் மச்சினன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனான். அதனால் தனியாகப் போகாதீர்கள். காலையில் ஓ.பி. சீட்டு போடுகிற நேரத்துக்கே போய்விடுங்கள், பையில் கொஞ்சம் சாப்பாடும் தண்ணீரும் இருக்கட்டும், காத்திருக்கிற நேரத்தில்தான் ஓடிப்போகத் தோன்றும்.

டாக்டரிடம் சொல்ல வேண்டியதை முந்தின நாளே ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை வருஷமாக, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, முன்பு வலிப்பு வந்ததா, சர்க்கரைக்கோ பிரஷருக்கோ வேறு மாத்திரை போகிறதா. குடிக்கிறவன் எவனும் அளவைப் பாதியாகத்தான் சொல்வான். டாக்டர் அந்த அளவைப் பார்த்துத்தான் மாத்திரையை முடிவு செய்கிறார், அதனால் பொய் சொன்னால் நடுக்கம் உங்களுக்குத்தான். இன்னொன்று. கை நடுங்கி வருகிற ஆளுக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிடுகிற இடங்களும் உண்டு. ரொம்ப நாள் குடித்த உடம்பில் தயமின் என்கிற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்குக் கேடு வரலாம். எந்த ஆஸ்பத்திரிக்கு, என்ன நோய்க்குப் போனாலும், 'இவர் தினமும் குடிக்கிறவர்' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போக இன்னும் மனசு வரவில்லை என்றால் 14416-க்கு ஃபோன் செய்யுங்கள். டெலிமானஸ் என்று 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். வீட்டாரும் பேசலாம்.

மூன்று பேரிடம் சொல்லுங்கள்

மாத்திரை உடம்பு நடுங்காமல் பார்த்துக்கொள்ளும். ஒரு வாரம், பத்து நாளில் அந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். பதினோராம் நாள் சாயங்காலம் ஆறரை மணி இருக்கிறதே, அதற்கு மாத்திரை மட்டும் போதாது, ஆள் வேண்டும்.

ஊருக்கே சொல்ல வேண்டாம், வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைக்க வேண்டாம். ஸ்டேட்டஸ் வைத்தால் கைதட்ட முன்னூறு பேர் வருவார்கள், ராத்திரி பத்து மணிக்கு ஃபோனை எடுக்க ஒருத்தன் இருக்க மாட்டான். மூன்று பேர் போதும். வீட்டில் ஒருவர், வேலை பார்க்கிற இடத்தில் ஒருவர், முன்பு குடித்து இப்போது விட்ட ஒருவர்.

வீட்டில் ஒருவர் என்றதும் மனைவி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் ஏற்கெனவே நூறு சத்தியத்தைக் கேட்டு அலுத்தவர், நூற்றியோராவது சத்தியத்தை நம்பு என்று அவரிடம் கேட்பது அநியாயம். அவருக்குத் தெரிந்திருக்கட்டும், ஆனால் காவல் வேலையை அவர் தலையில் கட்டாதீர்கள். எனக்கு அமைந்தது அந்த மச்சினன்தான். சிலருக்கு அக்கா, சிலருக்குச் சித்தப்பா, எனக்குத் தெரிந்து ஒருத்தருக்கு எழுபது வயசு அப்பத்தா. திட்டாத ஆளாக இருக்க வேண்டும், அதே சமயம் கேட்டதும் காசு கொடுக்காத ஆளாகவும் இருக்க வேண்டும்.

வேலையிடத்து ஆள் எதற்கென்றால், சம்பளத்துக்கு. நான் கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறவன். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்குப் போகும்போது அதில் பாதி இருக்காது. அண்ணாச்சியிடம் போய், "அண்ணாச்சி, இனிமே சம்பளத்தை என் கையில கொடுக்காதீங்க, வீட்டுக்காரி கணக்குல போட்டு விட்டுருங்க" என்று சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆனது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இதை நாலு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றார். நாம் ஒளித்து வைத்திருக்கிறோம் என்று நினைக்கிற விஷயம் கடையில் மூட்டை தூக்குகிறவர் வரைக்கும் தெரிந்துதான் இருக்கும். கூச்சப்பட்டு மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை. ஃபோனில் பணம் அனுப்புகிற வசதி இருந்தால் அதையும் கொஞ்ச நாளைக்கு எடுத்துவிடுங்கள், சட்டைப் பையில் நூறு ரூபாய் மட்டும் வைத்துக்கொண்டு ஃபோனில் ஐயாயிரம் வைத்திருந்தால் என்ன பிரயோசனம்.

சொல்லும்போது பெரிய வசனம் வேண்டாம். 'நான் குடியை நிறுத்தப் பார்க்கிறேன், ஆஸ்பத்திரியில் காட்டுகிறேன், சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை எனக்குக் கஷ்டமாக இருக்கும், ஃபோன் செய்தால் எடுப்பீர்களா?' இவ்வளவுதான். எடுப்பீர்களா என்று கேட்பதுதான் முக்கியம். 'எனக்கு ஆதரவாக இருங்கள்' என்றால் எல்லோரும் சரி என்பார்கள், ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. ஒருவரிடம் ஒரு வேலையைக் கொடுங்கள். ஆறரைக்கு ஃபோன் செய்வது ஒருவர் வேலை, சனிக்கிழமை கடையிலிருந்து பஸ் ஸ்டாப் வரை கூட நடந்து வருவது இன்னொருவர் வேலை.

மூன்றாவது ஆள் கிடைக்கும் இடம்

முன்பு குடித்து, இப்போது குடியை விட்ட ஆளை எங்கே போய்த் தேடுவது? ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், நம் ஊரில் சுருக்கமாக ஏ.ஏ. கூட்டம். இது தொடங்கிய கதையை ஒரு கூட்டத்தில் கேட்டேன், அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. 1935-ல் பில் வில்சன் என்ற பங்குச் சந்தைக்காரர், அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊருக்குத் தொழில் விஷயமாகப் போய், போன காரியம் கெட்டு, ஹோட்டல் முன்கூடத்தில் நிற்கிறார். குடியை நிறுத்திச் சில மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு பக்கம் பார், அங்கேயிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோன். அவர் டெலிபோன் பக்கம் போய், அந்த ஊர்ச் சர்ச்சுகளின் பெயர்ப் பட்டியலைப் பார்த்து ஃபோன் போட்டு, தன்னை மாதிரி ஒரு குடிகாரர் இங்கே இருக்கிறாரா, அவரோடு பேச வேண்டும் என்று தேடினார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்கிற அறுவை சிகிச்சை டாக்டர், அவரும் பெரிய குடிகாரர். ஜூன் 10-ல் டாக்டர் கடைசியாகக் குடித்தார், அதைத்தான் அமைப்பின் தொடக்க நாளாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். கவனியுங்கள், பில் ஃபோன் செய்தது டாக்டரைத் திருத்துவதற்காக இல்லை, தான் பாருக்குள் போகாமல் இருப்பதற்காக.

கூட்டம் பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையிலோ சர்ச் வளாக அறையிலோ சாயங்காலம் நடக்கும். எங்கே, எந்தக் கிழமை என்று மனநலப் பிரிவிலேயே கேட்டால் சொல்வார்கள். சர்ச்சில் நடக்கிறதே, மதம் மாற்றுவார்களோ என்று என் அம்மா பயந்தார். இடம்தான் அவர்களுடையது, கூட்டம் எந்த மதத்தையும் சேர்ந்தது இல்லை. எங்கள் கூட்டத்தில் விபூதி பூசியவர், தொப்பி போட்டவர், ஜெபமாலை வைத்திருப்பவர், சாமியே இல்லை என்கிறவர் எல்லோரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறோம். கட்டணம் கிடையாது. முடிவில் ஒரு தட்டோ பையோ சுற்றி வரும், இருந்தால் பத்து ரூபாய் போடலாம், இல்லாவிட்டால் அடுத்தவரிடம் தள்ளிவிடலாம். சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. நிறுத்தியிருக்கக்கூட வேண்டியதில்லை.

முதல் நாள் பின் பெஞ்சில் உட்காருங்கள். ஒவ்வொருவராக எழுந்து, என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வார். உங்கள் முறை வந்தால் 'இன்னைக்கு நான் கேட்டுக்கிறேன்' என்றால் போதும், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். நான் ஐந்து கூட்டம் வரை வாயைத் திறக்கவில்லை. ஆறாவது கூட்டத்தில் ஒரு பெரியவர், மகள் காதுகுத்துக்கு வைத்திருந்த காசை எடுத்துக் குடித்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் நான் எடுத்தது மகளின் பள்ளிக்கூட ஃபீஸ், அதை அதுவரை உலகத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை. கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது அவரிடம் சொன்னேன். "எவ்வளவு?" என்றார். "ஏழாயிரம்." "நான் பன்னெண்டாயிரம்" என்றார், ஏதோ கபடிப் போட்டியில் பாயிண்ட் சொல்கிற மாதிரி. அன்றைக்கு என் முதுகிலிருந்து இறங்கியது எத்தனை மூட்டை என்று எனக்குத்தான் தெரியும். அவர்தான் என் மூன்றாவது ஆள்.

ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் வேறு கூட்டத்துக்குப் போங்கள். ஒரு பரோட்டாக் கடை சரியில்லை என்று யாரும் பரோட்டாவையே விட்டுவிடுவதில்லை. தொடக்கத்தில் 90 நாளில் 90 கூட்டம் என்று ஒரு வழக்கம் உண்டு, நம் வேலை நேரத்துக்கு அது ஒத்துவராது, வாரத்துக்கு மூன்று என்றால்கூட நல்லது. பெண்கள் குடிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை, குடிக்கிறார்கள், ஆண்களைவிட ரகசியமாக, அதனாலேயே ஆண்களைவிடத் தனியாக. ஆண்கள் நிறைந்த கூட்டத்துக்கு வரத் தயங்கும் பெண்கள் டாக்டர் மூலமாகவோ 14416 மூலமாகவோ தொடங்குவது சுலபமாக இருக்கலாம்.

மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமம், சாயங்காலம் கூட்டத்துக்கு வந்துவிட்டுத் திரும்பப் பஸ் இல்லை என்றால்? ஆக்ரனில் இருந்ததும் இரண்டே பேர்தான். உங்கள் ஊரில் குடியை விட்ட ஒருவர் இருப்பார், எல்லோருக்கும் அவரைத் தெரியும், யாரும் அவரிடம் அதைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள். போய்க் கேளுங்கள். கேட்பதற்காகவே காத்துக்கொண்டிருந்த மாதிரி பேசுவார்.

கிடா வெட்டும் இழவு வீடும்

டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணிக்கு மூடுகிறது, அதைக்கூடச் சமாளித்துவிடலாம். நம் பக்கத்தில் ஆளைக் கவிழ்ப்பது கிடா வெட்டும் காதுகுத்தும் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரியும்தான். 'வர மாட்டேன்' என்று சொல்ல முடியாது, பங்காளி வீட்டு விசேஷம், மொய் செய்தாக வேண்டும். போங்கள். ஆனால் வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், பந்தி நேரத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டுக் கிளம்புங்கள், சமையல் கொட்டகைக்குப் பின்னால் போகாதீர்கள், எல்லா விசேஷத்திலும் அந்த வேலை அங்கேதான் நடக்கும். கூட ஒருவரைக் கூட்டிப் போவது இன்னும் நல்லது. யாராவது கையைப் பிடித்து இழுத்தால் கொள்கை பேசாதீர்கள், பேசினால் 'ஓ, திருந்திட்டாராம்ல' என்று அன்றைய வேடிக்கை நீங்கள்தான். 'மாத்திரை சாப்பிடுறேன் மாமா, ஒத்துக்காது' என்றால் விட்டுவிடுவார்கள். பொய்யும் இல்லை.

இழவு வீடு இதைவிட மோசம். அங்கே குடிப்பதற்கு நியாயமே தயாராக இருக்கும். என் ஒரே பெரிய சறுக்கல் பெரியப்பா செத்த அன்றுதான். இப்போதெல்லாம் அப்படிப் போக வேண்டி வந்தால் எனக்கென்று ஒரு வேலையை வாங்கிக்கொள்கிறேன், தண்ணீர் கேன் எடுத்து வருவது, நாற்காலி போடுவது, வெளியூர்க்காரர்களைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டி வருவது. கையில் வேலை இருக்கிறவனை யாரும் கூப்பிட மாட்டார்கள். சித்திரைத் திருவிழாவுக்கும் இதே வழிதான். முன்பு அழகர் எதிர்சேவை அன்று ராத்திரி முழுக்கக் குடித்துவிட்டு, விடிந்து அவர் ஆற்றில் இறங்கும்போது எங்கேயாவது திண்ணையில் கிடப்பேன், மதுரையில் பிறந்து பல வருஷம் அழகரைப் பார்க்காதவன் நான். இப்போது தல்லாகுளம் பக்கம் ஒரு நீர்மோர்ப் பந்தலில் நிற்கிறேன். ராத்திரி முழுக்க மோர் ஊற்றுவதற்கே நேரம் போதாது.

மற்றபடி சாதாரண நாளில் திடீரென்று வருகிற அந்த வெறி, பார்க்கப் பூதம் மாதிரி இருந்தாலும் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தானாக இறங்கிவிடும். அந்த அரை மணியை ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். பசியா, கோபமா, தனிமையா, அசதியா என்று நாலு கேள்வி கேட்டுக்கொள்ளச் சொல்லித் தருவார்கள். எனக்குப் பாதி நாள் பசிதான். இந்த ஊரில் ராத்திரி எந்த நேரத்திலும் எங்கேயாவது ஒரு கடையில் கல் சூடாக இருக்கும் என்பது குடியை விடுகிறவனுக்குப் பெரிய வரம். இரண்டு இட்லி, ஒரு ஃபோன், கொஞ்சம் நடை.

வீட்டில் இருப்பவர்களுக்கு

அக்கா, தங்கச்சி, ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பொடி, மாத்திரை எதையும் வாங்காதீர்கள். 'ஒரே வாரத்தில் குடியை மறப்பார்' என்று விளம்பரம் வரும். டைசல்ஃபிரம் என்று ஒரு மருந்து உண்மையாகவே உண்டு, அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கி, சிலருக்கு உயிர்கூடப் போகலாம், கடைசி மாத்திரைக்கு இரண்டு வாரம் கழித்துக் குடித்தாலும் வரலாம். டாக்டர் பார்த்து, அவருக்கே தெரிந்து, அவர் சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது. தெரியாமல் கலந்தது பிறகு தெரிந்தால், உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்.

போதையில் இருக்கும்போது பேசி ஜெயிக்க முடியாது, காலையில் பேசுங்கள். அவருக்காகக் கடைக்கு ஃபோன் செய்து 'காய்ச்சல்' என்று பொய் சொல்லாதீர்கள். அவர் பாரில் வைத்த கடனை நீங்கள் கம்மலை அடகு வைத்து அடைக்காதீர்கள். என் மனைவி இதையெல்லாம் நிறுத்திய அன்று நான் அவளைக் கல்நெஞ்சக்காரி என்றேன், அவள் நிறுத்தியதால்தான் எனக்குச் சுட்டது. அடி விழுகிற வீடாக இருந்தால் இந்தப் புத்திமதி எதுவும் பொருந்தாது. முதலில் பிள்ளைகளோடு பத்திரமான இடம், பெண்கள் உதவி எண் 181.

உங்களுக்கும் ஆள் வேண்டும். குடிக்கிறவர்களின் குடும்பத்தாருக்கென்று 1951-ல் தொடங்கிய அல்-அனான் என்ற கூட்டம் உண்டு, ஏ.ஏ. கூட்டம் நடக்கிற இடத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். அது தோதுப்படவில்லை என்றால் நீங்கள் ஏற்கெனவே இருக்கிற மகளிர் குழுவைப் பாருங்கள். மதுரை வட்டாரத்தில் களஞ்சியம் குழுக்களோ வேறு சுய உதவிக் குழுக்களோ இல்லாத தெரு குறைவு. கடன் தவணை பேச உட்காருகிற அந்தப் பன்னிரண்டு பதினைந்து பெண்களில் எத்தனை வீட்டில் இதே கதை என்று ஒருவர் வாய் திறந்தால்தான் தெரியும். என் மனைவி வாய் திறந்த அன்று ஐந்து பேர் அழுதார்களாம். ஆறாவதாகத் தலைவியும்.

மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பது என்று முடிவு செய்தால், நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்று இருக்கிறதா, டாக்டர் எந்தெந்த நாள் வருகிறார், நடுக்கமும் வலிப்பும் வந்தால் என்ன செய்வார்கள், வீட்டார் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். ராத்திரி ஜீப்பில் ஆளை அனுப்பித் தூக்கி வருகிறோம் என்று சொல்கிற இடம் வேண்டவே வேண்டாம். நமக்குப் பக்கத்து ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6-ல் சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த 28 பேர் தீயில் செத்தார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது, குடியால் வருகிற நோயும் அந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறது. மதுரையிலேயே எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை மாதிரி பல வருஷமாக மனநல வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அப்படிப்பட்ட இடத்தில் விசாரித்து விட்டுச் சேர்க்கலாம்.

சறுக்கினால்

சறுக்கும். பெரியப்பா செத்த அன்று நான் குடித்தேன் என்றேனே, அதற்கு முன் பதினான்கு மாதம் தொடாமல் இருந்தேன். அன்றைக்குக் குடித்ததைவிட, அடுத்த நாள் 'எல்லாம் போச்சு, இனி என்ன' என்று குடித்ததுதான் என்னைக் கவிழ்த்தது, ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் அந்தப் பெரியவரின் ஃபோனை எடுக்கவில்லை. பத்தாம் நாள் அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். செல்லூரில் எங்கள் வீடு சந்துக்குள் சந்து, நாலு பேரிடம் வழி கேட்டு வந்திருக்கிறார். திட்டவில்லை. "கை நடுங்குதா?" என்றார். ஆட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். நாள்கணக்கில் மறுபடி குடித்திருந்தால் மறுபடியும் டாக்டரிடமிருந்துதான் தொடங்க வேண்டும், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நிறுத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஒரே ஒரு தடவை என்றால், அன்றைக்கே, போதை முழுக்கத் தெளிவதற்கு முன்னாலேயே, மூன்று பேரில் ஒருவரைக் கூப்பிடுங்கள். காலையில் வெட்கம் எழுந்து உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் ஃபோன் எடுக்கக் கை வராது.

அந்த மூன்று நம்பரையும் ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். ஃபோனை அடகு வைத்துக் குடித்தவன் சொல்கிறேன்.

பெரியவர் இப்போது இல்லை, போன வருஷம் போய்விட்டார், நெஞ்சுவலி. அவர் எனக்கு ஃபோன் செய்த ஆறரை மணிக்கு நான் இப்போது எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு ஃபோன் செய்கிறேன், தறியில் வேலை பார்க்கிறவன், இருபத்தேழு வயசு. கூட்டத்துக்கு வா என்றால் வர மாட்டேன் என்கிறான், இந்தக் கார்த்திகைக்கு மாலை போட்டால் சரியாகிவிடும் என்கிறான். போடுடா, போடுறதுக்கு முன்னாடி டாக்டரைப் பார் என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டேன். மாலை போட்டிருக்கிற வரைக்கும் அவனுக்கு நான் தேவைப்பட மாட்டேன். மலையிலிருந்து திரும்பி வருகிற வேன் எங்கே, எத்தனை மணிக்கு வந்து நிற்கும் என்று குருசாமியிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.